கண்ணாடியில் ஒட்டிய சாட்சி

ஜூன் 3, திங்கள்

கேமரா வந்துவிட்டது. உள்ளங்கை அளவுகூட இல்லை. ரோட்டைப் பார்க்க ஒரு லென்ஸ், காருக்குள் பார்க்க இன்னொன்று. முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும், போகிற வழி முழுக்கப் பதிவு செய்துகொண்டே வரும்.

முப்பத்திரண்டு வருடம் பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். மருதாசலம் சரி என்று கையெழுத்துப் போட்டால், வேறு யாரும் பார்க்காமலே அந்தப் பம்ப் லாரியில் ஏறும். அப்படிப்பட்டவனை ஒன்றரை வருடமாகக் கோர்ட்டில் 'எதிரி' என்று கூப்பிடுகிறார்கள்.

சென்ற வருடம் ஜனவரியில், மில் முக்கு சிக்னலில், ஸ்கூட்டரில் வந்த மரகதம் என்ற பெண் என் கார் மீது மோதினார். நான் மோதவில்லை, அவர் மோதினார். வக்கீலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். எனக்குப் பச்சை. அந்தப் பெண்ணுக்கு வலது கால் நசுங்கிவிட்டது. ஒரு பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். வருத்தம்தான். ஆனால் பச்சை பச்சைதானே? கம்பத்தில் இருந்த கேமரா அந்த வாரம் வேலை செய்யவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சுலோசனா ஒருத்திதான் சாட்சி.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்குங்க இது?" என்றாள்.

"இனிமே நடக்கறதுக்கு."

"இனிமே என்ன நடக்கோணும்?"

அவளுக்கு இதெல்லாம் புரியாது.

ஜூன் 5, புதன்

கேமராவை ஒட்டுவது இரண்டு நிமிட வேலை. அதற்குக் கரண்ட் கொடுப்பதில்தான் பாதி நாள் போய்விட்டது.

முதலில் ஷோரூமுக்குப் போனேன். சர்வீஸ் ஆள் கையை விரித்துவிட்டார். "வெளி ஆளுங்க ஒயரிங்ல கை வெச்சா வாரன்டி போயிரும் சார். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகிக்குங்க." அதில் சொருகினால் காரை அணைத்ததும் கேமராவும் அணைந்துவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போது எவனாவது உரசிவிட்டுப் போனால் யார் பார்ப்பது?

உக்கடத்தில் ஃபிரோஸ் என்று ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நாற்பது வயதிருக்கும். வேலை சுத்தம். "எலக்ட்ரிக் வண்டில ஆரஞ்சு கலர் ஒயர் பக்கம் மட்டும் போகவே கூடாது சார். அது ஆளையே தூக்கிரும். நம்ம வேலை பூரா இந்தச் சின்ன பேட்டரிலதான்" என்றார். மின்சாரக் காருக்குள்ளும் பழைய கார்களில் இருப்பது போல ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். லைட், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் அதில்தான் ஓடுகிறதாம்.

கேமராவிலிருந்து மூன்று ஒயர். கறுப்பு, காரின் இரும்பு பாடிக்கு. சிவப்பு, கார் ஓடும்போது மட்டும் உயிருள்ள ப்யூஸுக்கு. மஞ்சள், எப்போதும் உயிருள்ள ப்யூஸுக்கு. எதையும் வெட்டாமல் ப்யூஸ் பாக்ஸிலேயே தனி இணைப்புகளைச் சொருகி, ஒயரைக் கூரைத் துணிக்குள் தள்ளி, ஏர்பேக்குக்குப் பின்னால் கவனமாக இறக்கினார். கண்ணுக்கு ஒரு நூல்கூடத் தெரியவில்லை. என் கம்பெனியில் இருந்திருந்தால் முதல் பரிசு கொடுத்திருப்பேன்.

இரண்டு மணி நேரமும் சுலோசனா பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது ஃபிரோஸிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள பேசறதும் இதுக்குக் கேக்குமாங்க தம்பி?"

"எல்லாம் கேக்கும்மா. மூச்சு விட்டாக்கூடக் கேக்கும்."

பெண்களுக்கு இதுதான் கவலை.

ஜூன் 9, ஞாயிறு

நான்கு நாள் பதிவுகளை போனில் போட்டுப் பார்த்தேன். காபி ஆறிவிட்டது. இந்த ஊரில் ஒருவனுக்குக்கூட வண்டி ஓட்டத் தெரியவில்லை. வியாழன்: இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய மூன்று பேர். வெள்ளி: எதிர்த்திசையில் வந்த மினி லாரி ஒன்று. சனி: என் கார் வருவதே தெரியாமல் குறுக்கே நடந்த ஒரு தாத்தா. சத்தமில்லாத வண்டி, சரி. கண் என்று ஒன்று இருக்கிறதல்லவா? நான் ஹாரன் அடித்த பிறகு கையை உயர்த்தி ஏதோ திட்டுகிறார். ஜீப்ரா கோட்டில் நடந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

சனிக்கிழமைப் பதிவில் ஓர் இடத்தில் சிக்னல் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிய பிறகு நான் கோட்டைத் தாண்டுவது போலத் தெரிகிறது. லென்ஸின் கோணம் அப்படி. ஃபிரோஸிடம் சொல்லிச் சற்று உயர்த்தி ஒட்ட வேண்டும்.

உள்பக்கப் படத்தில் சுலோசனா ஒவ்வொரு முக்கு வரும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறாள். கதவுக்கு மேலிருக்கும் பிடியை விடுவதே இல்லை. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

ஜூன் 12, புதன்

ஞாயிறிலிருந்து வண்டியை எடுக்கவில்லை. இன்று ரேஷன் கடைக்குப் போகலாம் என்று சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியால் திறந்தேன். உள்ளே பிணம் மாதிரி கிடக்கிறது. எண்பது சதவீதம் சார்ஜ் ஏற்றி வைத்த வண்டி!

ஃபிரோஸ் வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து தொடுத்தார். "பெரிய பேட்டரில எவ்வளவு இருந்து என்ன சார்? இந்தச் சின்னது எந்திரிச்சு ஸ்விட்ச் போட்டாத்தான் அது எந்திரிக்கும். மூணு நாளா கேமரா இதையவே குடிச்சிருக்குது." எந்த அளவுக்குக் கீழே போனால் கேமரா தானாக அணைய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கிறதாம். அதைத் தாழ்வாக வைத்திருந்தாராம். உயர்த்தி வைத்தார். தன் தவறு என்று அவரே சொன்னார். "நான்தான் பாத்திருக்கோணும், மன்னிச்சுக்குங்க சார்" என்று இரண்டு தடவை.

அவர் போன பிறகு சுலோசனா, "எவ்வளவு லேசாச் சொல்லிட்டாரு பாருங்க" என்றாள்.

"எதை?"

"ஒண்ணுமில்லீங்க."

ஜூன் 15, சனி

வக்கீல் வரச் சொல்லியிருந்தார். ஜூலை 16 அன்று நம் பக்கத்துச் சாட்சி. "அம்மா தெளிவாச் சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது. அந்த முக்குல இருக்கற டீக்கடைக்காரர் சத்தம் கேட்டப்புறந்தான் திரும்பிப் பாத்திருக்காரு. அந்தப் பொண்ணுக்கு நாலு நாள் நினைவில்லை. வேற யாருமே லைட்டைப் பாத்தவங்க இல்லை."

வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சுலோசனா அரிசி களைந்துகொண்டே, "எங்கள் பாதையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர் திடீரெனக் குறுக்கே வந்தது" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"போலீஸ்ல எழுதினதை அப்படியே சொல்லாதே. உம் பேச்சுல சொல்லு."

"எம் பேச்சுல எனக்கு வருலீங்க."

மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை பரவாயில்லை.

ஜூன் 23, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து மகள் வினோதினி வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்தோம். வழியில் எனக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. மருந்துக் கடையில் கூட்டம். அம்மாவும் மகளும் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பழைய பெட்ரோல் வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு வேர்த்து வழிய வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. நான் திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

வினோதினி சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் இருப்பதாகத்தான் போனில் சொன்னாள். கிளம்பும்போது "வரேன்ப்பா" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

மருந்துக் கடைக்கு முன் நிறுத்தியபோது எவனாவது உரசினானா என்று பார்க்கத்தான் அந்தப் பதிவைப் போட்டேன். வேறு எதற்கும் இல்லை.

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

வினோதினி: "அம்மா, நெசமாலுமே பச்சையா இருந்துச்சா?"

சுலோசனா ஏ.சி. காற்றை வேறு பக்கம் திருப்புகிறாள்.

சுலோசனா: "செகப்பு."

"அம்மா!"

"செகப்பு கண்ணு. நல்லாச் செகப்பு. முன்னாடியே விழுந்துருச்சு. நான் கத்துனேன், நில்லுங்க நில்லுங்கன்னு. நான் கத்துனதுல அவருக்குக் கோவம் வந்துருச்சு. 'எனக்கு நீ கத்துக்குடுக்கறியா'ன்னு எம்பக்கம் திரும்பிட்டாரு. அந்தப் பொண்ணு அவ பாட்டுக்குத்தான் வந்தா. அவளுக்குப் பச்சை."

"அப்புறம் ஏம்மா போலீஸ்ல அப்புடிச் சொன்னே?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சுச் சொல்லிக் குடுத்தாரு. சொல்லிப்போட்டேன். முப்பத்திமூணு வருசமா அவரு சொன்னதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்."

அதன் பிறகு வினோதினி அழுகிற சத்தம். சுலோசனா அழவில்லை. லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு நான் கதவைத் திறக்கிறேன். "கூட்டம், சனியன்" என்கிறேன்.

அவளுக்கு ஞாபகப் பிசகு. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பயத்தில் பார்த்தது எப்படிச் சரியாக இருக்கும்? காலை வெயில் கண்ணாடியில் பட்டால் பச்சையும் சிவப்பும் ஒன்று போலத்தான் தெரியும். நான் அவள் பக்கம் திரும்பியது ஒரு நொடிகூட இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

வண்டி எடுக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். எப்படியும் எட்டு நாளில் பழையதன் மேல் புதியது ஏறித் தானாகவே அழிந்துவிடும். இருந்தாலும்.

ஜூலை 1, திங்கள்

கேமராவில் மைக் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அமுக்கினேன். குரல் பதிவு நின்றுவிட்டது. ரோட்டைப் படம் எடுக்கத்தானே வாங்கினேன், வீட்டுப் பேச்சு எதற்கு?

மாலை கோயிலுக்குக் கிளம்பியபோது கேமரா தன் வழக்கப்படி இங்கிலீஷில் ஏதோ அறிவித்தது. சுலோசனா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "என்ன சொல்லுதுங்க அது?" என்றாள்.

"குரல் பதியறது ஆஃப்ல இருக்குதாம்."

"நீங்க அணைச்சீங்களா?"

"தெரியல. கை பட்டிருக்கும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த சிக்னலில் நின்றபோது அந்தப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

டயருக்குக் காற்று. கரண்ட் ஆபீஸ். முடி வெட்டினேன். சுலோசனாவுக்குக் கோர்ட்டுக்குக் கட்ட நல்ல காட்டன் சேலையாக ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். "எதைக் கட்டிட்டுச் சொன்னாலும் ஒண்ணுதானுங்க" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

பத்தரைக்குக் கோர்ட். ஒன்பதுக்கே கிளம்பிவிட்டோம். பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது சுலோசனா சாதாரணமாக, காய்கறி பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"அன்னிக்கு நானும் வினோவும் பேசுனதைக் கேட்டீங்களா?"

"என்னிக்கு?"

"மருந்துக் கடை வாசல்ல."

"அதையெல்லாம் உட்காந்து கேக்க எனக்கு ஏது நேரம்?"

"கேட்டீங்க. அன்னிலிருந்து நீங்க எம் மூஞ்சியப் பாக்கறதில்ல."

நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன்.

"அதுக்குக் கேக்கும்னு தெரிஞ்சுதான் பேசுனேன். நேர்ல சொல்ல எனக்கு வாய் வருலீங்க. இதுலயாச்சும் கேட்டுட்டு வந்து, 'ஆமா சுலோ, செகப்புதான்'னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். கோர்ட்டுல வேண்டாம். ஊருக்கு வேண்டாம். அடுப்படில வந்து எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்னு இருந்தேன். இன்னியோட இருவத்திமூணு நாளாச்சு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். இறங்கும்போது, "உள்ள நிதானமாப் பேசு" என்று மட்டும் சொன்னேன்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். நம் வக்கீல் வரிசையாகக் கேட்டார். எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை மணி, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். "உங்க பக்கம் சிக்னல் என்ன கலர்ல இருந்துச்சுங்கம்மா?" என்று கேட்டபோது சுலோசனா நான் நிற்கும் பக்கம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டில் ஒரு விரிசல் இருந்தது.

"பச்சைங்கம்மா."

அரசு வக்கீல் எழுந்து, "விபத்துக்கு முன்னாடி நீங்க ஏதாச்சும் சத்தம் போட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க. நான் என்னிக்கும் சத்தம் போட்டதில்லீங்க."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான். பத்து நிமிடம்.

வெளியே, உள்ளே பேசுவது கேட்கும்படி கதவை ஒட்டியிருந்த வராந்தா பெஞ்சில் மரகதம் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் கம்பிக் கட்டு, பக்கத்தில் ஊன்றுகோல். நான் விலகி நடந்தேன். சுலோசனா நின்றுவிட்டாள். அந்தப் பெண் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காரு கண்ணு, உக்காரு."

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா நெனச்சேனுங்க. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் எந்தலைய மடில வெச்சுட்டு இருந்தீங்க. அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் இருக்குது. சேலையெல்லாம் ரத்தமாயிருக்குமே, நல்லா இருப்பீங்க." கொஞ்சம் தயங்கினார். "'எங்க மேலதான் தப்பு கண்ணு, எங்க மேலதான் தப்பு'ன்னு நீங்க சொல்லிட்டே இருந்த மாதிரி எனக்கு ஒரு நெனப்பு. அது மயக்கத்துல தோணுனதுன்னு எங்க வக்கீலு சொல்லிட்டாருங்க. இன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டதும் எனக்கும் தெரிஞ்சு போச்சு. இத்தனை நாளா உங்களையும் ஐயாவையும் தப்பா நெனச்சுட்டு இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

சுலோசனா அந்தப் பெண்ணின் தலைமேல் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வக்கீல் சொன்னார். மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தம்.

ஜூலை 17, புதன்

சுலோசனா கை நோகிறது என்று சமைக்கவில்லை. கையில் எந்த வீக்கமும் இல்லை. ஓட்டலில் வாங்கி வந்தேன். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

விடுதலை.

சந்தேகத்தின் பலன் எனக்கு அளிக்கப்படுகிறது என்று மாஜிஸ்திரேட் படித்தார். வக்கீல் கை கொடுத்தார். மரகதம் வரவில்லை. வினோதினிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

திரும்பி வரும்போது முதல் சிக்னலில் நிறுத்தினேன். பக்கத்திலிருந்து சுலோசனா, "செகப்பு" என்றாள்.

"தெரியுது. அதான் நிறுத்தியிருக்கேன்."

விளக்கு மாறியது. "பச்சை" என்றாள்.

அடுத்த சிக்னலிலும் அப்படியே. "செகப்பு." "பச்சை." கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது போல. வீடு வரை ஐந்து சிக்னல். ஐந்துக்கும் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

மார்க்கெட் போய்வந்தோம். நான்கு சிக்னல். நான்குக்கும் சொன்னாள். இடையில் கத்திரிக்காய் முற்றல் என்று ஒரு வார்த்தை பேசினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சிக்னல் இல்லாத வழியாகப் போய்ப் பார்த்தேன். சந்து சந்தாகச் சுற்றி, பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். வண்டி நிறைய நேரம் ஊர்ந்தே போனது. ஆனால் கடைசியில் மெயின் ரோட்டில் ஏறித்தானே ஆக வேண்டும்? ஏறினோம். "செகப்பு" என்றாள்.

பதிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன். வேறு வண்டிகளின் தவறுகளைக் குறித்துவைக்கிற பழக்கம் போய்விட்டது. அவள் குரலைத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கிறது. ஒன்றுகூடப் பிசகவில்லை. முப்பத்திரண்டு வருடம் சோதனை செய்தவன் சொல்கிறேன்.

பதிவில் என்னையும் பார்த்தேன். அவள் "செகப்பு" என்னும்போது இப்போது நான்தான் கண்ணை மூடுகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ப்யூஸைப் பிடுங்கிவிட்டால் கேமரா செத்துவிடும். ஐந்து நிமிட வேலை. காலையில் ப்யூஸ் பாக்ஸைத் திறந்துகூட வைத்தேன். சுலோசனா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிடுங்கியிருப்பேன். மூடிவிட்டேன்.

பகலில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. மில் முக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றரை வருடமாகத் தவிர்த்து வந்த இடம். சிவப்பு விழுந்திருந்தது. கோட்டுக்கு ரொம்பத் தள்ளியே நிறுத்தினேன். குறுக்கே, அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்த ரோட்டில், வண்டிகள் வர ஆரம்பித்தன.

சுலோசனா "செகப்பு" என்றாள்.

அங்கே தொண்ணூறு நொடி. எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. ஒரு வார்த்தைதான் அவள் கேட்டது. 'ஆமா.' அடுப்படியில் சொல்லச் சொன்னாள், நான் இங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"போதும் சுலோ. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்றே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற கேமராவைப் பார்த்தாள்.

"பதியட்டுமுங்க" என்றாள்.